மேலே பத்து டி

ஜொகூர் பாரு
4 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். வீட்டு விலாசத்துக்குப் போட்டால் பிரிக்காமலே அண்ணியிடம் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் ஆலை விலாசம். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார், மறுக்க முடியாது.

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினாலும் உங்களுக்குப் படிக்க வராது. ஆக, நமக்குப் பழகின வழிதான் மிச்சம். குழாய்ப் படத்தில் இருக்கிற இங்கிலீஷை நான் தமிழில் ஒரு சீட்டு எழுதித் தருவேன், நீங்கள் அதைப் பார்த்துக் குழாய் போடுவீர்கள். நான் இன்ஜினியராகி உங்கள் கும்பல் வேலை செய்த இடத்துக்கே வந்த நாளிலிருந்து அப்படித்தான் ஓட்டினோம்.

பாசிர் கூடாங்கில் நடந்ததைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். வேலை என்று பார்த்தால் நான் செய்தது சரி. தங்கச்சி என்று பார்த்தால் தப்பு. இதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இப்போது பராமரிப்பு வேலை பார்க்கிற செம்பனை எண்ணெய் ஆலையின் ரிப்போர்ட் என் மேசைக்கு வந்தது. புது பாய்லருக்குத் தண்ணீர் ஏறுகிற குழாயில் இருக்கும் கண்ட்ரோல் வால்வு ஒரு நிலையில் நிற்காமல் திறந்து திறந்து மூடுகிறதாம். அந்தக் குழாயை பிப்ரவரியில் போட்டது உங்கள் கும்பல்தான். எனக்கு ஒரே ஒரு அளவு வேண்டும். வால்வுக்கு முன்னால் எவ்வளவு நீளம் குழாய் நேராக இருக்கிறது? வளைவில் திரும்பின தண்ணீர் சுழன்றுகொண்டே வரும், கொஞ்ச தூரம் நேராக ஓடினால்தான் அடங்கும். நம் குழாயின் குறுக்களவு, அதாவது டி, நான்கு அங்குலம், அதைப் போலப் பத்து மடங்கு நாற்பது அங்குலம். பத்து டி. உங்களுக்குத் தெரியாததில்லை.

கம்பெனி மெயிலில் கேட்டிருக்கலாம். கேட்டால் அதுவே ஒரு ரிப்போர்ட் ஆகிவிடும். நீங்கள் டேப்பைப் பிடித்து ஒரு வரி எழுதினால் போதும்.

கஸ்தூரி


லாபிஸ்
11 நவம்பர் 2024

கஸ்தூரிக்கு,

கடிதம் வந்தது. இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை, கேட்டதற்குப் பதில்.

வால்வுக்கு முன்னால் என்று எழுதியிருக்கிறாய். எது முன்னால்? நான் நிற்கிற பக்கமா, சுவர்ப் பக்கமா? இந்தக் குழாய் படுத்திருக்கவில்லை, நிற்கிறது. இரும்பு உத்தரம் குறுக்கே வந்ததால் படத்தை மாற்றி நிமிர்த்திப் போடச் சொன்னது உங்கள் ஆபீஸ்தான்.

அளந்தேன். வால்வுக்கு மேலே நாற்பத்திரண்டு அங்குலம் நேர்க்குழாய். கீழே ஒரு சாண். அதற்கும் கீழே ஒட்டினாற்போல் இரண்டு எல்போ, ஒன்று கிழக்கே, ஒன்று வடக்கே. பம்ப் மூலையில் உட்கார்ந்திருக்கிறது, வேறு மாதிரி வளைக்க இடம் இல்லை. எல்லாம் நீ ஜனவரியில் எழுதிக் கொடுத்த சீட்டில் உள்ளபடி. அந்தச் சீட்டு இன்னும் என் டேப் பையில் இருக்கிறது. ஆடி பிறக்கும் முன்னே அண்ணியோடு தங்காக்கில் சேலை எடுக்கப் போனபோது வீரமுத்துவைப் பார்த்தேன், நம் கும்பலில் இருந்த அதே வீரமுத்து, அங்கே புது ஆலையில் குழாய் வேலை எடுத்திருக்கிறான். சீட்டைக் காட்டினேன். என் தங்கச்சி எழுதினது, இன்ஜினியர் கையெழுத்து என்று சொன்னேன். அப்போதும் உன்மேல் கோபம்தான். இருந்தாலும் சொன்னேன்.

வால்வு சத்தம் போடுகிறது. கெண்டிக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். பாய்லர் ஓட்டுகிற மகேஸ்வரன் அதற்கு யூனியன்காரர் என்று பெயர் வைத்திருக்கிறான். என்ன கொடுத்தாலும் முணுமுணுப்பு நிற்காதாம். காலையில் வந்ததும் "என்னாங்க தலைவரே, இன்னிக்கு என்ன கோரிக்கை" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவான். அவன் நாற்காலிக்கும் வால்வுக்கும் நான்கு அடி.

அளவு கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி எழுத வேண்டாம்.

கனகராஜ்


ஜொகூர் பாரு
16 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை ஆபீஸில் நின்றுகொண்டே படித்தேன், கீழே ஒரு சாண் என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அண்ணே, தண்ணீர் கீழேயிருந்துதானே மேலே ஏறுகிறது? பம்ப் கீழே, பாய்லர் மேலே. அப்படியானால் அந்த ஒரு சாண் இடத்தில்தான் நாற்பது அங்குலம் இருந்திருக்க வேண்டும். மேலே பாதி இருந்தாலே போதும். இது தலைகீழாக இருக்கிறது.

அதுவும் இரண்டு எல்போ, ஒவ்வொன்றும் ஒரு திசையில். அதைவிட மோசமாக ஒன்றைப் பொருத்த முடியாது. தண்ணீர் முறுக்கிக்கொண்டு வந்து வால்வின் ஒரு பக்கத்தில் மட்டும் மோதும். உள்ளே இருக்கிற அடைப்பான் ஆடும், தண்டு தேயும், சரளைக்கல் சத்தம் அதுதான். ஆட ஆட நட்டுகள் தளரும். வால்வின் அடியில் விரல் தடிமனில் ஒரு வடிகுழாய் இருக்கிறதே, அதைத்தான் நினைத்துப் பயப்படுகிறேன். எப்போதும் முதலில் ஒடிவது அப்படிப்பட்ட சின்னக் குழாய்தான். உள்ளே இருப்பது கொதிநிலையைத் தாண்டிய தண்ணீர், வெளியே வந்த கணத்தில் ஒரு பகுதி ஆவியாகிச் சீறும்.

மகேஸ்வரனின் நாற்காலியை இன்றைக்கே நகர்த்துங்கள். அந்தப் பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள். மேனேஜரிடம் சொல்லி பாய்லரை நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தச் சீட்டில் நான் என்ன எழுதினேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அதைப் பார்த்தால்தான் எங்கே தவறியது என்று சொல்ல முடியும். பதில் தபாலில் அனுப்பி வையுங்கள்.

கஸ்தூரி


லாபிஸ்
24 நவம்பர் 2024

கஸ்தூரிக்கு,

உன் கடிதம் ஆறு நாள் கழித்து வந்தது. சிகாமட்டில் ஆற்று வெள்ளம் ஏறிவிட்டது, தபால் வேன் சுற்றிக்கொண்டு வந்ததாம்.

சீட்டை அனுப்ப மாட்டேன். எங்கே தவறியது என்று பார்க்க உனக்குச் சீட்டு வேண்டாம், நானே எழுதுகிறேன். ‘கண்ட்ரோல் வால்வு: மேலே பத்து டி நேராக இருக்க வேண்டும். கீழே இடம் இல்லையென்றால் குறைத்துக்கொள்ளலாம்.’ கீழே க என்று உன் கையெழுத்து, ஜனவரி 19.

நான் மேலே பத்து விட்டேன். கீழே இடம் இல்லை, குறைத்துக்கொண்டேன். இதில் என்ன தப்பு, நீயே சொல். இங்கிலீஷ் புத்தகத்தில் தண்ணீர் வருகிற பக்கத்துக்கு மேல் என்றுதான் பெயர் போலிருக்கிறது, நீ அதை அப்படியே தமிழில் எழுதிவிட்டாய். குழாய்க்காரனுக்கு மேல் என்றால் வானம், கீழ் என்றால் மண். தண்ணீருக்கு வர்ற பக்கம், போற பக்கம் என்று இரண்டுதான். நம் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வண்டிக்குத் தண்ணீர்க் குழாய் மாட்டும்போதே அப்படித்தான் சொல்வார். நீயும் கேட்டு வளர்ந்தவள்தான்.

இப்போது பாசிர் கூடாங்கைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அங்கேயும் குழாய் நிமிர்ந்துதான் இருந்தது. அங்கேயும் உன் சீட்டைப் பார்த்துத்தான் மேலே பத்து விட்டேன். நீ வந்தாய். பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். "கனகராஜ், யாரு இப்படி போடச் சொன்னது? வெட்டுங்க" என்றாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். ஒன்பது வயது மூத்தவனை அண்ணே என்று சொல்ல அன்றைக்கு உனக்கு வாய் வரவில்லை. சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்திருப்பார்கள். அதனால் காட்டவில்லை. கட்டரைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நீ ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே இந்த விஷயம் வெளியே வந்திருக்கும்.

மேனேஜரிடம் சொன்னேன். பழம் குவிகிற காலம், டிசம்பர் 28-ல்தான் பாய்லர் அணைப்போம் என்கிறார். குழாய் தப்பு என்றால் போட்டவன் நீதானே, எழுதிக் கொடு என்றார். எழுதவில்லை. மகேஸ்வரன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டேன். தினமும் காலையில் நட்டுகளை முடுக்குகிறேன், தினமும் கால் சுற்று போகிறது. நேற்று அரைச் சுற்று போனது.

கனகராஜ்


ஜொகூர் பாரு
30 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

தப்பு என்னுடையது. சீட்டு எழுதின ஜனவரியில் படத்தில் குழாய் படுத்திருந்தது. பிப்ரவரியில் அதை நிமிர்த்தின புதுப் படத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஒரே நாளில் முப்பது படம், அதில் இது ஒன்று. உங்கள் கையில் ஒரு சீட்டு இருப்பது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. படத்தின் ஓரத்தில் வருகிற பக்கம் பத்து டி என்று இங்கிலீஷில் சரியாகத்தான் இருக்கிறது. ஆகவே ஆபீஸைப் பொறுத்தவரை படம் சரி, போட்டவர் தப்பு. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாசிர் கூடாங்கில் நீங்கள் சீட்டைக் காட்டாததைப் படித்துவிட்டு அழுதேன். அதை எப்படி ஈடு செய்வதென்று தெரியவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கக் கூடாது.

நான் ஆலைக்கு ஒரு கடிதம் எழுதி, எங்கள் தவறு, உடனே நிறுத்துங்கள் என்றால் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். எழுத உட்கார்ந்தேன். ஜனவரியில் எனக்கு இன்ஜினியர் பதிவுக்கான நேர்முகம் இருக்கிறது. பதினோரு வருட வேலை. இப்படி ஒரு கடிதம் என் பெயரில் வெளியே போனால் அது அங்கேயே நின்றுவிடும். இன்னும் இருபத்தெட்டு நாள்தான். 28-ஆம் தேதி அணைத்ததும் ஒரே வாரத்தில் குழாயை மாற்றிவிடலாம், நானே லீவு போட்டு வந்து கூட நிற்கிறேன்.

அதுவரை அந்த வடிகுழாயை இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கி வையுங்கள். நட்டு தளர்வதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். யாரையும் கிட்டே விடாதீர்கள்.

இருபத்தெட்டு நாள், அண்ணே. தாங்குமா என்று உங்களைத்தான் கேட்கிறேன். தாங்கும் என்று எழுதுங்கள்.

கஸ்தூரி


ஜொகூர் பாரு
12 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

திங்கட்கிழமை நடந்ததைச் செய்தியாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆபீஸில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். அந்த ஆலையில் யாரோடும் பேசக் கூடாது, எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்தக் கடிதம் எழுதப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகேஸ்வரன் எப்படி இருக்கிறார்? சிகாமட் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்? அண்ணியைக் கூப்பிட்டேன், நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

விசாரணைக்கு அதிகாரிகள் வருவார்கள். படத்தைக் காட்டுவார்கள். அவர்கள் கேட்பதற்கு உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நான் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று எதுவும் சொல்லவில்லை. சீட்டைப் பற்றியும் நான் எதுவும் கேட்கவில்லை.

அது இன்னும் டேப் பையில்தான் இருக்கிறதா?

க.


லாபிஸ்
18 டிசம்பர் 2024

பாப்பாவுக்கு,

இத்தனை வருடத்தில் உன் கடிதத்தில் முழுப் பெயர் இல்லாதது இதுதான் முதல் தடவை. பயந்திருக்கிறாய். எனக்கும் புரிகிறது.

நடந்ததை எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலை பத்தரை மணி, நல்ல மழை. நாற்காலியை நான் தள்ளிப் போட்ட இடத்தில் தகரக் கூரை ஒழுகியது. மகேஸ்வரன் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டான். நான் பார்த்தேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று ஸ்டோருக்குப் போனேன். அங்கே நிற்கும்போது சத்தம் மாறியது. இரண்டு மாதமாகக் கேட்ட சரளைக்கல் சத்தம் நின்று, சீறல் மட்டும் கேட்டது. வடிகுழாய் வேரோடு ஒடிந்திருந்தது. கிளாம்ப் இரண்டும் அப்படியே குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தன, குழாய்தான் வால்வில் இல்லை. மகேஸ்வரன் கையால் முகத்தை மறைத்திருக்கிறான். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. இடது கண் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். "ஒரு கண்ணு போதும்லா ணே. பாய்லர்ல தண்ணி மட்டம் பாக்குற கண்ணாடி ஒன்னுதானே இருக்கு" என்றான். அவன் மனைவி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்தேன். என்ன மனுசன் நான் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

நேற்று இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். படத்தை விரித்து, ஓரத்தில் இருக்கிற இங்கிலீஷ் வரியைக் காட்டி, படித்தாயா என்றார்கள். படிக்கத் தெரியாது என்றேன். பின்னே இப்படிப் போடச் சொன்னது யார், "சியாபா சூரோ" என்று பெரியவர் மலாயில் மூன்று தடவை கேட்டார். யாரும் சொல்லவில்லை, பழக்கத்தில் நானே போட்டேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். என் ஆலை பாஸை வாங்கிக்கொண்டார்கள். கேஸ் வரலாம் என்கிறார்கள்.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இது ஒன்றுதான் இருக்கிறது. அடுப்பில் போட்டுவிடு. ஆறாம் வகுப்போடு நின்றவன் தப்பாகப் படித்தான் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நீ அப்படி இல்லை. நம் வீட்டில் ஒருத்தராவது மேலே இருக்கட்டும். கீழே இடம் இல்லையென்றால் குறைத்துக்கொள்ளலாம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இதற்குப் பதில் வேண்டாம். ஜனவரியில் நேர்முகத்துக்கு நன்றாகப் படித்துக்கொண்டு போ.

அண்ணன்


ஜொகூர் பாரு
23 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் தெருவில் இருக்கிற செல்லப்பனின் லாரி இன்று சாயங்காலம் லாபிஸ் வழியாகப் போகிறது, கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் கொடுக்காமல் போனால் அவருக்கு என்னிடம் திட்டு இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தேன். எரிக்கத்தான். சீட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலில் உங்கள் எழுத்து: ‘வீரமுத்துவுக்கு 1 காப்பி.’

அடுப்பை அணைத்துவிட்டு உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். சேலை எடுக்கப் போனபோது சீட்டைக் காட்டினேன் என்று எழுதியிருந்தீர்கள். காப்பி எடுத்துக் கொடுத்ததை எழுதவில்லை. நவம்பரில் அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அண்ணன் என்னை முழுக்க வெறுத்துவிடவில்லை என்று. வேறு எதுவும் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. நீங்கள் என்னைக் காப்பாற்றுவதில் இருந்தீர்கள், நான் என்னைக் காப்பாற்றுவதில் இருந்தேன்.

அண்ணே, நவம்பர் 16-ஆம் தேதியே எனக்கு எல்லாம் தெரியும். ஆலைக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கடிதம் போனால் நான்கு நாள், வெள்ளம் என்றால் ஆறு நாள். அந்த நாட்கள் எனக்கு வசதியாக இருந்தன. மகேஸ்வரனின் கண் போன பிறகு அவர் மனைவி கையால் மைலோ வாங்கிக் குடித்ததை நினைத்து வருந்துகிறீர்கள். வருந்த வேண்டியவள் நான். போய்ப் பார்க்கப் போகிறேன், என்ன சொல்வார்களோ கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். சீட்டைப் படம் பிடித்து, இது என் எழுத்து, இது என் கையெழுத்து, இதைப் பார்த்துத்தான் என் அண்ணன் குழாய் போட்டார், அவர் விசாரணையில் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக என்று எழுதினேன். அதிகாரிகளுக்கு ஒன்று, உங்கள் ஆலைக்கு ஒன்று, என் ஆபீஸுக்கு ஒன்று, தங்காக் ஆலைக்கு ஒன்று, நேற்று ராத்திரியே மெயிலில் அனுப்பிவிட்டேன். இன்று காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் என் கார்டை வாங்கிக்கொண்டார்கள். இனி எந்த நேர்முகமும் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அதிகாரிகளிடம் நீங்கள் போய் மறுத்துவிடாதீர்கள், சீட்டின் படம் இப்போது அவர்கள் கையில் இருக்கிறது.

தங்காக் மேனேஜருக்குப் போனும் போட்டேன். புதன்கிழமை கிறிஸ்துமஸ் லீவுக்கு பாய்லரை அணைப்பார்களாம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நாளை முழுக்க ஓடும். இருபத்தெட்டு நாள் பொறுக்கச் சொன்னவள் நான், ஒரு நாள் பொறுக்கச் சொல்பவரை எந்த வாயால் திட்டுவது? ஆனால் பொறுக்க மாட்டேன். காலை ஏழு மணி ஷிப்டுக்கு முன்னால் அங்கே போய் நிற்கப் போகிறேன். அணைக்கும் வரை நகர மாட்டேன். முடிந்தால் நீங்களும் வாருங்கள், டேப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் அளந்து சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். வர்ற பக்கம், போற பக்கம் என்றே எழுதுவேன்.

வீரமுத்துவோடு பேசியதைக் கடைசிக்கு வைத்தேன், எழுதக் கை வரவில்லை. சனிக்கிழமையே அவரைப் போனில் பிடித்துவிட்டேன். குழாய் படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்று கேட்டேன். நிற்கிறது என்றார். சீட்டைப் பார்த்துத்தான் போட்டீர்களா என்றேன். அண்ணன் கொடுத்த சீட்டுதான், அப்படியே போட்டோம், கீழே ஒரு சாண்கூட விடவில்லை என்று பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் யாராவது உட்காருகிறார்களா என்று கேட்டேன். இரண்டு பேர் என்றார். வால்வில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டேன்.

வீரமுத்து சிரித்தார்.

"நம்ம வால்வு மாப்பிள்ளைய கேக்குறீங்களா அக்கா? மூணு வாரமா கரகரன்னு ஒரே மொறைப்புலா."

கஸ்தூரி